தாப்பா யார்டில் எட்டுப் பெட்டிகள்

பனி பெய்து ஓய்ந்த இரவு. உறைநிலைக்குக் கீழே இருபத்திரண்டு.
எஸ்தோனியாவில் ஒரு ரயில் சந்திப்பு, தாப்பா.
எந்தப் பெட்டி எந்தத் தடத்துக்கு என்று
சுண்ணக்கட்டியால் எழுதிக்கொண்டே போகிறாள் ஹெல்வே,
எஞ்சினிலிருந்து வால்வரை:
7 3 9 3 9 1 3 3

மரக்கட்டை, சிமெண்ட், கரி, மறுபடி மரக்கட்டை.
சரக்குச் சீட்டு சொன்னதைத்தான் எழுதினாள்.
முடித்துத் திரும்பிப் பார்த்தவள்
அப்படியே நின்றுவிட்டாள்.

ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து
முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று.
தார்த்துவில் இரண்டு வருடம் கணிதம் படித்து
யாரிடமும் காரணம் சொல்லாமல் விட்டு வந்தவள் அவள்.
இந்த எண்ணை அங்கேயே தெரியும்.

பகா எண். அதிலொன்றும் அதிசயமில்லை,
பகா எண்களுக்கு முடிவே கிடையாது.
அதிசயம் வாலில் இருக்கிறது.

ரேடியோ கரகரத்தது. மேற்பார்வையாளர் ரெய்ன்:
"இன்னொரு பெட்டி வந்திருக்கு. பின்னால மாட்டு."
எந்த இலக்கம் இதன் பின்னால் நிற்க முடியும்?
இரட்டை என்றால் பாதியாய்ப் பிளக்கும்.
ஐந்து, சுழியம், பேச்சே இல்லை.
ஒன்றோ ஏழோ வந்தால் இலக்கங்களைக் கூட்டிப் பார்,
மூன்று வந்து மூன்று பங்கு போட்டுவிடும்.
மூன்றும் ஒன்பதும் கொஞ்சம் நேரம் தாக்குப்பிடிக்கும்.
ஒரு பரீட்சைக்கு முந்தின ராத்திரி
ஒன்றரைப் பக்கம் வகுத்து அவற்றையும் உடைத்திருக்கிறாள்.
இந்த வம்சத்தில் எண்பத்து மூன்று பேர்.
இவன்தான் கடைக்குட்டி, இவனுக்குப் பின் யாருமில்லை.

"எத்தனாம் தடம்?"
"ஆறு."
சிரித்துவிட்டாள். மூச்சு வெள்ளையாய்ப் போனது.
ஆறு என்று எழுதி மாட்டினாள். வேலை வேலைதானே.

பிறகு தொடங்கியது பிரிப்பு.
நெம்புகோலை இழுத்தாள், கொக்கி வாய் திறந்தது,
ஆறு தன் தடத்தில் உருண்டு போக
எண் திரும்பி வந்தது, கீறலில்லாமல்.

ஒரு மூன்று போயிற்று. 7393913. பகா எண்.
இன்னொரு மூன்று. 739391. அதுவும்.
காற்றுக் குழாய் சீறி அடங்கியது.
73939.
வெட்ட வெட்ட மிஞ்சுவது எதுவும்
பங்குக்கு ஒப்புக்கொள்ளவில்லை.
7393.
கையுறைக்குள் விரல்கள் மரத்துவிட்டன.
739
73

எஞ்சின் ஓட்டுகிற கால்யு தலையை நீட்டினான்:
"ஒவ்வொரு தடவையும் நின்னு நின்னு
என்னத்தைப் பார்க்கிற? காப்பி ஆறுது."
"ஒண்ணுமில்ல. பின்னால தள்ளு."

கடைசியில் ஏழு மட்டும்,
சிமெண்ட் தூசியும் பனியும் அப்பிக்கொண்டு.
அதையும் ஏழாம் தடத்தில் விட்டுவிட்டு
எழுத்தே இல்லாத எஞ்சின்
ஷெட்டுக்குத் திரும்பியது.

பதிவேட்டில் ஒரே ஒரு கட்டம்தான்:
பிரித்த பெட்டிகள், எண்ணிக்கை.
9 என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.
மும்மூன்று ஒன்பது.
யாராலும் வகுக்கக்கூடியது.