அரணை புத்தி

ஹைடல்பெர்க், பழைய சரக்கு யார்டு.
ஒன்பது மணிக்கு முன் இங்கே வெயில் விழாது,
வெயில் விழாமல் அவை வெளியே வராது.
அதுவரை போத்தலில் தேத்தண்ணி,
தண்டவாளம் கழற்றிய தடத்தில் சரளைக்கல்,
நான்.

தூண்டில் தடி. முனையில்
பல்லிடுக்கு நூலால் ஒரு சுருக்கு.
கழுத்தில் விழுந்ததும்
தூங்குகிற பிள்ளையின் தோட்டைக் கழற்றும் பக்குவத்தில் இழுக்க வேண்டும்.
பிறகு துணிப்பை, எண், ஆணா பெண்ணா, நேரம்.
ஊருக்கு வெளியே புதுக் கல்மேடு தயார்,
அடியில் மணல், தெற்குப் பார்த்த வாசல்.
இருபது நிமிடத்தில் குடியேற்றம் முடிந்துவிடும்.
என் கோப்புக்குப் பதினொரு வருடம் பிடித்தது.
இதைச் சொன்னால் வீப்கே சிரிப்பாள்,
சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்பாள்.
அதனால் இப்போது சொல்வதில்லை.

வவுனியாவிலிருந்து தங்கச்சி கேட்டாள்,
இப்ப என்ன வேலை?
பல்லி பிடிக்கிறன்.
பல்லியும் இல்லை, சுவரில் ஏறும், ஆனால் சொல்லாது.
ஓணானும் இல்லை, தலையாட்டாது.
அரணை எண்டு வைச்சுக்கொள்.
கடிக்க வந்து மறந்து போகுமே, அதுவா?
அதுதான்.
மணிக்குப் பதினாலு யூரோ.

கொள்கலன் அலுவலகத்தில்
கண்ணாடிப் பெட்டிக்குள் வரப்போகிற நகரம்.
தீப்பெட்டி உயரத்தில் ஆறு மாடி.
கீழே கடை, நடுவில் அலுவலகம், மேலே வீடு,
கூரையில் புல்.
பஞ்சு மரங்களின் கீழ் நகக்கண் அளவு மனிதர்கள்,
எல்லோரும் வெள்ளை,
பிளாஸ்டிக் அப்படித்தான் கிடைத்ததாம்.
எஞ்சின் திருப்பிய வட்டமேடை இருந்த இடத்தில்
பிள்ளைகள் நனைந்து விளையாட
ஒரு நீர்வட்டம்.
அதை மட்டும் இரண்டு தரம் பார்த்தேன்.

ஒப்பந்தம் இதுதான்:
மூன்று வெயில் நாள் தொடர்ந்து ஒன்றும் தென்படாவிட்டால்
புல்டோசருக்கு வழி.
முதல் நாள் சைபர்.
மறுநாள் சைபர்.
மூன்றாம் நாள் பின்னேரம் மூன்றே முக்காலுக்கு
ஸ்லீப்பர் கட்டையின் தார் மணத்துக்குள்ளிருந்து
ஒரு பழுப்பு முதுகு.
சுருக்குத் தவறியது. தடியைப் போட்டுவிட்டுக் கையால் பாய்ந்தேன்.
மிஞ்சியது வால்.

உடம்பு எந்தப் பக்கம் போனதென்று தெரியாமல்
உள்ளங்கையில் அது துடித்துக்கொண்டிருந்தது.
படிவத்தில் வாலுக்குக் கட்டம் இல்லை.
புல்டோசர் ஓட்டும் ஹோல்கர்
பாதி சிகரெட்டை அணைத்துவிட்டு
என் பேனாவையே பார்த்தபடி வாசலில் நின்றான்.

ஒன்று என்று எழுதினேன்.

இன்னும் மூன்று நாள். அதற்குள் மழை,
மழை கணக்கில் வராது, பன்னிரண்டு நாள்.
கிரேனின் நாள் வாடகை எவ்வளவென்று
யாரோ என் காதுபடச் சொன்னார்கள்.
வால் போனதை நாங்கள் பிடிக்கவேயில்லை.

நாலு வருடம் ஆகிறது.
வட்டத்தில் தண்ணீர் வந்துவிட்டது,
அதில் நனைகிற பிள்ளைகள் பல நிறம்.
மூன்று அறை வீட்டுக்கு விண்ணப்பித்தேன்,
பட்டியலில் என் இடம் இருநூற்றுப் பதினேழு.
ஆறாம் மாடியில் யாரோ தோசை சுடுகிறார்கள்,
அல்லது எனக்கு அப்படி மணக்கிறது.

இன்று ரொட்டிக்கடையின் வெயில் சுவரில்
ஒன்று.
முதுகு பழுப்பு. பாதிக்குக் கீழே வால்
வேறொரு சாம்பல், செதில்கள் ஒழுங்கில்லாமல்,
அவசரத்தில் போட்ட ஒட்டுப்போல.
அதுதானா என்று என்னைக் கேட்காதீர்கள்.
ஆனால் எங்கே வந்தோம் என்று மறந்த முகம்
அதற்கு இல்லை.

கடைக்காரப் பெண் இரண்டாம் தரம் கேட்கிறாள்,
உங்களுக்கு என்ன வேண்டும்?
வரிசை என் பின்னால் நீள்கிறது.
எதற்கு உள்ளே வந்தேன் என்று
எனக்கு ஞாபகம் வரவில்லை.