வழக்குச் சொத்து

மஹசரில் நானூற்றுப் பன்னிரண்டு.
காலணிப் பெட்டிகளில் வந்தன,
செய்தித்தாள் சுற்றி,
வேரில் இன்னும் வெங்கச்சங்கல் ஒட்டியபடி.
ஸ்ப்ரிங்பாக் காவல் நிலையத்தில்
எண் ஒட்டுவது என் வேலை.
கத்தி, கைபேசி, ஒரு மூட்டை செம்புக்கம்பி,
பக்கத்தில் இவை.
செடி என்றால் நம்பமாட்டீர்கள்:
இலை பிரியாத, தண்டு தெரியாத
பச்சைப் பொத்தான்கள்.
எங்கள் பக்கத்தில் டூயின்கீஸ் என்போம்,
குட்டிக் கால்விரல்கள்.

தாவரத் தோட்டத்தில் இடமில்லையாம்.
வேறு வழக்குகளின் செடிகள் அங்கே
வாசல்வரை நிற்கின்றனவாம்.
"நீங்களே வைத்திருங்கள், வாய்தா முடியும்வரை."
வாய்தா எப்போது முடிந்திருக்கிறது.

முதல் மாதம் எண்பது அழுகின.
நான்தான் காரணம்.
தாகமாயிருக்கும் என்று
தினமும் ஊற்றினேன்.

எசாயஸ் ஸ்வார்ட்பூய், முதல் எதிரி,
ஜாமீன் கையெழுத்துக்குத் திங்கள்தோறும் வருவான்.
செம்புச் சுரங்கம் மூடியபின் வேலையில்லை.
செடிக்கு முப்பது ராண்ட் பேசியது
முகம் தெரியாத ஒரு கைபேசிக் குரல்.
கையெழுத்திட்டுவிட்டு
கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான்.
"கொன்னுட்டீங்களே அக்கா."
திருடனிடம் திட்டு வாங்கிய எழுத்தர்
இந்த மாகாணத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பெட்டிகளின் அடியில்
உதிர்ந்த காய்கள் மூன்று கிடந்தன,
ஒவ்வொன்றும் மிளகில் பாதி.
ரூய்போஸ் தேநீர் கலக்கிய கரண்டியிலிருந்து
ஒரு சொட்டு தவறி ஒன்றின்மேல் விழுந்தது.
அசைந்தது.
ஐந்து மூடிகள்
மெல்லப் பின்னால் சாய,
நட்சத்திரமாய்த் திறந்தது.
மழையென்று நம்பிவிட்டது, பாவம்,
சர்க்கரை போட்ட தேநீரை.
காய்ந்ததும் மூடிக்கொண்டது.
மறுபடி ஒரு சொட்டு. மறுபடி திறந்தது.
கோப்புகள் காத்திருக்க
பதினோரு முறை திறந்து பார்த்தேன்.

விதை என்று உள்ளே இருந்தது
மூச்சு விட்டால் போய்விடும்.
விட்டேன், கொஞ்சம் போய்விட்டது.
மீதியை மார்கரின் டப்பாவில்
மணலும் நொறுக்கிய கல்லும் கலந்து
புதைக்காமல், தூவி மட்டும்,
ஏப்ரல் கடைசியில்
முதல் குளிர் இறங்கிய இரவு
சாட்சிப் பொருள் அறை ஜன்னலில் வைத்தேன்.
டப்பாவுக்கு எண் ஒட்டவில்லை.

பன்னிரண்டாம் நாள் மணலில் பச்சையாய் ஏதோ.
பாசி என்று நினைத்தேன்.
கைரேகைப் பிரிவில் பூதக்கண்ணாடி
கடன் வாங்கிப் பார்த்தால்
ஒட்டிப் பிறந்த இரட்டையர்,
டப்பா முழுக்க.

டிசம்பரில் எல்லாம் செத்தன.
சருகாய், காகிதமாய்ச் சுருங்கின.
குப்பைக்கூடை அருகே டப்பாவோடு நின்றவளை
எசாயஸ்தான் தடுத்தான்:
"தொடாதீங்க. தண்ணி காட்டாதீங்க.
சட்டை மாத்துதுங்க."

மார்ச்சில் காகிதம் கிழிந்தது.
கிழிசலுக்குக் கிழிசல்
கடுகைவிட ஒரு சுற்றுப் பெரிதாய்
புது உடம்பு.

பதினேழாம் வாய்தாவில் வழக்கு ஒருவழியாய் வந்தது.
கைப்பற்றியவை எத்தனை, என்றார் நடுவர்.
நானூற்றுப் பன்னிரண்டு, அம்மா.
உயிரோடு?
முப்பத்தேழு.
அதோடு உட்கார்ந்திருக்கலாம்.
"கணக்கில் வராதவை நூற்று நாற்பத்தொன்று."
கூண்டில் எசாயஸ் தலை நிமிர்ந்தான்.
அரசு வழக்கறிஞர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்,
முன்னும் பின்னும்.
யாரும் இவற்றைப் பிடுங்கவில்லை.
குற்றம் நடந்த அன்று இவை பிறக்கவே இல்லை.
குற்றம் நடக்காதிருந்தால்
மார்கரின் டப்பாவில் பிறந்திருக்கவும் மாட்டா.
மலையில் பிறந்திருக்கும்,
யாரும் எண்ணாமல்.

அவனுக்கு இரண்டு வருடம்.
டப்பாவுக்கு வாய்தா.

திங்கட்கிழமை. கையெழுத்துப் பதிவேட்டில்
அவன் பெயருக்கு நேரே கோடு இழுத்தாயிற்று.
இவை பூக்க இன்னும் மூன்று வருடமாவது ஆகும்.
காலிக் காய் ஒன்று என் மேசையில் கிடக்கிறது.
விதை ஒன்றுகூட மிச்சமில்லை அதில்.
ஒரு சொட்டு விட்டால்
இன்னமும் திறக்கிறது.