உங்களாட்டம்

செல்லூரில் மாடி வீடு. ஒரே ரூம்.
தண்ணீர் நாள் விட்டு நாள்.
தனுஷ்கோடி சார் நாற்காலியைக் காட்டினார்.
ஒரு கால் குட்டை.
உட்கார்ந்ததும்
அதுவும் நானும் சேர்ந்து ஆடினோம்.

"என்ன தொழில்மா?"
"ஆட்டம் சார்."

அவர் மூக்குக் கண்ணாடிக்குள்
ஒரு சீட்டுக்கட்டு கலைவதைப் பார்த்தேன்.
"இல்ல சார், ஆடல் பாடல். திருவிழா மேடையில."
கட்டு அடுக்கப்பட்டது. முகம் மட்டும்
முன்னிருந்த இடத்துக்கு வரவில்லை.

எட்டாம் வகுப்பில் கணக்கு டீச்சர்
"ரொம்ப ஆடாதடி" என்றார்.
நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.
அண்ணன் தவணை கட்டாத மாசம்
பைனான்ஸ்காரன் வண்டிச் சாவியை உருவிக்கொண்டு சொன்னான்,
"ஆட்டம் க்ளோஸ்."
எங்கள் பக்கம் சாமி இறங்கினாலும் ஆட்டம்,
பேய் ஏறினாலும் ஆட்டம்.
ஒன்றுக்கு மாலை, ஒன்றுக்கு வேப்பங்குலை.
இரண்டுக்கும் நடுவில் நான்,
ராத்திரிக்கு இரண்டாயிரம், சாப்பாடு அவர்கள் பொறுப்பு.

போன மாசம் மேலூர்ப் பக்கம் ஒரு ஊர்.
கோர்ட்டில் மனுப் போட்டு வாங்கிய அனுமதி:
பத்து மணி வரை. ஆபாசம் கூடாது.
சாதிப் பாட்டு கூடாது. மொத்தம் பன்னிரண்டு கூடாது.
ஒன்பது ஐம்பத்தைந்துக்கு ஏட்டையா
கடிகாரத்தைப் பார்த்தார்,
கூட்டத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
மறுபடி கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோனார்.

ஆதாரில் ஒச்சம்மாள், போஸ்டரில் ரோஷிணி.
சார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் இன்னொருத்தி இருப்பாளோ என்று.
அவர் தலைக்கு மேல் காலண்டரில்
வெள்ளியம்பலத்துச் சாமி,
இடக்கால் ஊன்றி வலக்கால் தூக்கி.
ராஜா கேட்டாராம், அவர் கால் மாற்றினாராம்.
ஊருக்கு நடுவில் வீடு கொடுத்திருக்கிறார்கள்.
அட்வான்ஸ் கேட்டதாகத் தெரியவில்லை.

"தப்பா எடுத்துக்காதம்மா,
பொம்பளப் புள்ளைக இருக்குற வீடு.
உங்களாட்டம் ஆளுகளுக்கு..."

மிச்சத்தைச் சொல்லாமல் தொண்டையைச் செருமினார்.

தெரியாமல்தான் சொன்னார்.
தனியாக நின்றால் மேடை கேட்கும், மைக் கேட்கும் சொல்,
இன்னொரு சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டால்
'போல' என்று சுருங்கிவிடும்.
பூவாட்டம். பஞ்சாட்டம்.
பேயாட்டம் என்றால் மட்டும்
எது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

என்னாட்டம் யார் சார் இருக்கா,
நான் ஒருத்திதானே படியேறி வந்தேன்
என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.
பையில் கோர்ட்டுத் தாளின் ஜெராக்ஸ் கிடந்தது.
நாலாக மடித்து
நாற்காலியின் குட்டைக் காலுக்குக் கீழே வைத்தேன்.
"இப்ப உக்காந்து பாருங்க சார்."
அவர் உட்காரவில்லை.

அடுத்த வீடு மீனாம்பாள்புரம்.
"அங்க டெய்லரிங்னு சொல்லிரு" என்றான் புரோக்கர்.
பொய்யில்லை.
பாவாடைக்கு ஜிகினா நான்தான் தைக்கிறேன்.
மிஷின் கால்மிதி வகை. மிதித்தால்
வீடே லேசாக ஆடும்.