துணைக்குடும்பம்

முடிவு மின்னஞ்சலில் வந்தது, பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
வெளியே சுழியத்துக்குக் கீழே பத்தொன்பது.
உறைந்த எமயோகி ஆற்றின் நடுவே
யாரோ நாயோடு போய்க்கொண்டிருக்கிறார்.

மரபணுக்களை அடுக்கி ஒப்பிட்டவர்கள் சொல்லிவிட்டார்கள்:
இவை இனிக் குடும்பம் இல்லை,
துணைக்குடும்பம்.
எரெபிடே என்னும் பெரிய வீட்டில்
ஒரு பக்கத்து அறை.
லத்தீனில் ஓரெழுத்துதான் வேறுபாடு:
லைமான்ட்ரிடே. லைமான்ட்ரினே.

டார்ட்டு அருங்காட்சியகத்தில்
நூற்றுப்பதினான்கு இழுப்பறைகள்.
பழைய சீட்டை உரித்துப் புதியதை ஒட்ட
லீலோ என்று ஒருத்தி, நான்.

அந்துகளுக்கு ஒன்றும் தெரியாது.
அதே ஊசி, அதே தக்கை, அதே கற்பூர நெடி.
வளர்ந்த பின் இவற்றுக்கு வாய் பேருக்குத்தான்,
உறிஞ்சுகுழல் சுருங்கிப்போய்விட்டது.
புழுவாக இருக்கையில் பிர்ச்சிலும் வில்லோவிலும்
தின்று வைத்த கொழுப்பு தீர்கிறவரை ஆயுள்.
செவி மட்டும் உண்டு, வௌவாலுக்காக.
புழுவின் முதுகைப் பார்க்க வேண்டும்:
வயிற்றின் ஆறாம் வளையத்திலும் ஏழாம் வளையத்திலும்
ஒவ்வொரு சுரப்பி,
சட்டையில் தைத்த பொத்தான் மாதிரி.
அதை வைத்துத்தான் இன்னார் என்கிறோம்.
அதில் மாற்றமில்லை.

முப்பத்தெட்டாம் இழுப்பறை.
ஆணுக்குத் துரு நிறம்,
முன்சிறகில் சுண்ணாம்புத் துளிபோல் ஒரு வெள்ளை.
பக்கத்தில் பெண். சிறகில்லை.
சாம்பல் நிறத்தில் ஒரு சிறிய பை, ஆறு கால்.
கூட்டைக் கிழித்து வெளியே வந்து
கூட்டின் மேலேயே உட்கார்ந்துகொள்வாள்.
மணத்தை மட்டும் அனுப்பிவைப்பாள்.
பட்டப்பகலில், வெயிலில் கோணல்மாணலாகப் பறந்து
அவன் வந்து சேர்வான்.
அதே கூட்டின் மேல் முந்நூறு முட்டை.
பிறகு கீழே விழுவாள்.
அவள் போன தூரம் அவ்வளவுதான்.

ஆனால் இவளுடைய ஊசியில்
சிகரெட் பெட்டி அட்டையில் வெட்டிய சீட்டு, பென்சிலில்:
கிராஸ்நோயார்ஸ்க். 14. 8. 1951. வில்லோவில்.
சேகரித்தது ஹில்யா டம்பெர்க்.

ஹில்யா என்றால் எங்கள் மொழியில் தாமதம்.

உர்வேயிடம் காட்டினேன்.
"மார்ச் நாற்பத்தொன்பது" என்றாள்,
காப்பியை ஊற்றி முடித்தாள்.

அன்று மாலை பெயர்ப்பட்டியல் புத்தகத்தை எடுத்தேன்.
கால்நடை ரயிலில் ஏற்றப்பட்டவர்கள், அகரவரிசையில்.
டம்பெர்க், ஹில்யா, பிறப்பு 1930.
எந்தப் பிரிவில் என்ற கட்டத்தில்
ஒரே சொல்: குடும்பம்.
அண்ணன் காட்டில் ஒளிந்திருந்தானாம்.
அவனுக்குப் பிரிவு வேறு.

அருங்காட்சியகப் பதிவேட்டில் இன்னொரு வரி:
1957, மூன்று தீப்பெட்டிகள், நாற்பத்தோரு மாதிரிகள்,
நேரில் கொண்டுவந்தார், பணம் வாங்கவில்லை.
சிறகில்லாதவள்
நாலாயிரம் கிலோமீட்டர் வந்திருக்கிறாள்
ஒரு கோட்டின் உள்பையில்.

இழுப்பறையின் சீட்டை மாற்றலாம்.
ஊசியில் இருப்பதை யாரும் எடுக்கக் கூடாது,
எங்கள் விதி அது.
தப்பாகவே இருந்தாலும்
திருத்தம் அதன் கீழே குத்தப்படும்,
முதல் கையெழுத்து மேலேயே நிற்கும்.
எங்கள் தொழிலில் எனக்குப் பிடித்த விதி
ஒன்றே ஒன்று என்றால் இதுதான்.

நேராக நிறுத்தலாம் என்று ஊசியைத் தொட்டேன்.
மணிக்கட்டு கூட்டில் உரசியது.
கூடு கட்டும்போது புழு
தன் மயிரையே பிடுங்கிப் பட்டோடு நெய்யும்.
பத்து நிமிடத்தில் சிவந்து தடித்தது கை.
1951 ஆகஸ்ட்டின் புழு
என்னைக் கடிந்துகொள்கிறது.

டே போனது, னே வந்தது.
முப்பத்தொன்பதாம் இழுப்பறையை உருவினேன்,
அரிப்பு முழங்கைவரை ஏறியிருந்தது.

"சொறியாதே" என்றாள் உர்வே
தலை நிமிராமல்,
"சொறிந்தால் இன்னும் உள்ளே போகும்."