மூக்கு எந்தப் பக்கம்

தாணேயில் ஏறுவாள் அந்தக் கொண்டை ஊசிக்காரி.
அன்று கொண்டை ஊசி இல்லை.
தோளில் தொங்கிய கோணிப்பைக்குள்
இலை வடிவத்தில் சோப்புத் தட்டுகள்.
‘பீஸ் கா ஏக், பச்சாஸ் கா தீன்.’
நிற்க இடமில்லாத பெண்கள் பெட்டியில்
ஊர்மிளாவின் தலைக்கு மேல் ஒன்றைத் தூக்கிப் பிடித்து
புட்டித் தண்ணீரைச் சாய்த்துக் காட்டினாள்.
நரம்பு நரம்பாய் ஓடி
காம்பு மூக்கு வழியே சொட்டியது நீர்
யாருடைய துப்பட்டாவிலோ.
துப்பட்டாக்காரி திட்டி முடிப்பதற்குள்
ஏழு விற்றுப்போயின.
எட்டாவது எனக்கு. பச்சை.

அதுவரை எங்களுக்கு
ஒரு டிபன் பாக்ஸின் மூடிதான்.
பாக்ஸ் குர்லாவில் தொலைந்தது, மூடி தங்கிவிட்டது.
அதில் சோப்பு ஊறி
ஆறிய கஞ்சிபோலக் கிடக்கும்.
எடுத்தால் வழுக்கும்,
மோரியின் மூலைக்கு ஓடும்,
குனிந்து துழாவினால் கையோடு வருவது
பாதி சோப்பு பாதி மணல்.
பன்னிரண்டு நாளுக்கு ஒரு கட்டி.
இலைத் தட்டில் இருபத்திரண்டு நாள் வந்தது.
கணக்கில் குறையில்லை.

நான் ஆறரைக்குக் கதவைச் சாத்துவேன்.
சுடலைமணி பிவண்டி கோடவுனிலிருந்து
எட்டேகாலுக்கு வந்து திறப்பான்.
ஐந்து மணிக்குக் குளித்துக் கிளம்பிவிடுவான்.
ஏழரைக்கு நான் டோம்பிவிலியில் படியேறுவேன்.
ஒரு கட்டில், இரண்டு சாவி.
ஞாயிறு மட்டும் இரண்டு பேர்.

போனில் பேசாமல் இல்லை.
சிலிண்டர் வந்ததா.
வாடகை போட்டாச்சா.
தண்ணி வரல, டிரம்மில் பாதி இருக்கு.
குளித்தேன் என்று
யார் எழுதி அனுப்புவார்கள்?

அதை மூடி சொல்லும்.
விளக்குப் போடும் முன்பே
விரலால் தொட்டுப் பார்ப்பேன்.
கொழகொழவென்றிருந்தால்
நன்றாகத் தூங்கி எழுந்து நிதானமாய்க் குளித்திருக்கிறான்.
மேலே மட்டும் ஈரம் என்றால்
அலாரம் கேட்கவில்லை, அரைகுறைக் குளியல்.
பழைய சில்லைப் புதுக்கட்டியின் முதுகில் ஒட்டி
பெருவிரலால் அழுத்தியிருந்தால்
நல்ல மனநிலை.
ஒருமுறை சோப்பு காய்ந்து வெடித்திருந்தது.
போன் போட்டேன். காய்ச்சல். சொல்லவே இல்லை.
என் முடி ஒன்று ஒட்டியிருக்குமாம் காலையில்.
வாரம் ஒருமுறை அதற்குச் சண்டை.
முடி இல்லாத அன்று
‘தலைக்குக் குளிக்கலையா’ என்று
மத்தியானம் ஒரு வரி வரும்.

இலைத் தட்டு வந்த பிறகு
ஏழரைக்குத் தொட்டால்
கல். சுத்தமான, வாசனையான கல்.
அவன் குளித்த நீரையெல்லாம் மூக்கு குடித்துவிட்டது.
குளித்தானா, போனானா, யார் கண்டது.
கதவு பூட்டியிருந்தது, அவ்வளவுதான் தெரியும்.

மூன்றாம் நாள்
மூக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்,
கொஞ்சம் சாய்த்து, நீர் தேங்குகிற மாதிரி.
மறுநாள் வந்து பார்த்தால்
வடிகால் பக்கம் திரும்பியிருந்தது.
கைதவறி என்று நினைத்திருப்பான்.
மறுபடி சுவர்ப்பக்கம் வைத்தேன்.
மறுபடி வடிகால் பக்கம்.

சோப்பைத் தொடுவதை விட்டுவிட்டேன்.
இப்போதெல்லாம் விளக்கைப் போட்டதும்
மூக்கைத்தான் பார்க்கிறேன்.
திரும்பியிருந்தால் வந்தான், குளித்தான், போனான்.
அவனும் அப்படித்தான் பார்க்கிறானோ என்னவோ.
ஏன் இப்படி வைக்கிறாய் என்று
இதுவரை கேட்கவில்லை.
அடுக்குச் சட்டிக்கு அடியில் அந்த மூடி கிடக்கிறது,
எறியவில்லை.

போன ஞாயிறு
ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துவிட்டு
சோப்பைத் தரையிலேயே போட்டுவிட்டு வந்தோம்.
தட்டு எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ.