பராமரிப்பு நாள்

மாதத்தில் ஒருநாள்தான்
கொண்டலாம்பட்டிக்கு வாய் ஓய்கிறது.
ஒன்பது முதல் ஐந்துவரை மின்தடை
என்று பேப்பரில் பார்த்ததும்
ஜவ்வரிசி ஆலைக்குப் போன் செய்து
காய்ச்சல் என்றேன், காய்ச்சல் குரலில்.

பக்கத்துச் சுவருக்குப் பின்னால் எட்டுத் தறி.
ஒன்பது பத்துக்கு நின்றன.
பீரோவைத் திறந்து
பட்டுப்புடவைகளுக்கு நடுவே தலையை விட்டேன்,
செல்போனோடு.
ரசகற்பூர நெடியில்
முதலில் பற்பசை, சிரித்துக்கொண்டே.
அப்புறம் பல் விழுந்த பையன்.
அப்புறம் மாமியார்:
கன்னடத்தில் வந்துவிட்டது, திருத்திப் பேசினேன்.
அப்புறம் வங்கிப் பெண்,
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது.
ஒன்றரை நிமிடம் போதும் என்றிருந்தார்கள் சென்னையில்.
அதற்குள் ஒன்பது பேர் இருக்கவேண்டும்.

பதினொன்றரைக்கு, புருஷன் செத்தவள்.
என் துருப்புச்சீட்டு அவள்தான்.
காலடியில் உட்கார்ந்திருக்கிறாள், அழவில்லை,
பிணத்திடம் கேட்கிறாள்:
"சாப்பிட்டுட்டுப் போயிருக்கலாம்ல?"
ஏழாவது தடவை
உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது குரல்.
அந்நேரம் தெருமுனையில்
"உப்பேய், கல் உப்பு!
மூணு பாக்கெட் அம்பது, மூணு பாக்கெட் அம்பது!"

நான்.

போன ஆடியில்
ஐந்து ரோட்டு ரேடியோக் கடையில்
முந்நூறு ரூபாய்க்குப் பேசிக் கொடுத்தது.
குகை, தாதகாப்பட்டி, அன்னதானப்பட்டி என்று
ஆட்டோ பேட்டரியில் சுற்றுகிற எனக்கு
ஏது மின்தடை?

கத்தித் தீரட்டும் என்று
புடவைக்குள் காத்திருந்தேன்.
டிரைவர் எங்கள் வாசலில் நிறுத்தி
யாருக்கோ சில்லறை தேடினார்.
முப்பத்தொரு முறை உப்பு விற்றேன்.
ஒருமுறைகூடப் பிசகவில்லை.
பொறாமையாக இருந்தது.

அதற்குப் பின் அவள் வரவில்லை.
பன்னிரண்டு தடவை கூப்பிட்டும்
வந்தவளெல்லாம் அழுதாள்.
சரி, ஏழாவதே இருக்கட்டும்.
சாவு விழுந்த தெருவிலும்
உப்பு வண்டி வரத்தானே செய்யும்.

நாலே முக்கால். வெட்டி ஒட்டி முடித்த பிறகுதான்
ஆரம்பத்தில் பெயர் சொல்லவேண்டும் என்பது ஞாபகம் வந்தது.
சொந்தக் குரலில் என்று எழுதியிருந்தார்கள்.
பற்பசைக்காரி சொன்னாள். நன்றாகவே சொன்னாள்.
வங்கிக்காரி சொன்னாள்.
இன்னொரு தடவை என்று வாயெடுப்பதற்குள்
கரண்ட் வந்துவிட்டது,
எட்டும் ஒன்றாக.
அடுக்களைக்கும் அறைக்கும் நாங்கள்
தினம் பேசிக்கொள்கிற அந்தக் கத்தலில்
கத்தினேன்:
சௌடேஸ்வரி! கொண்டலாம்பட்டி!

அதைத்தான் முதலில் வைத்தேன்.
கூடவே ஒரு குறிப்பு:
"மன்னிக்கவும், பின்னணியில் தறி."
அனுப்பும்முன்
மன்னிக்கவும் என்பதை மட்டும் அழித்தேன்.