இறப்பதற்குத் தினக்கூலி

வூச் நகரத்தில், மூடிப்போன நூற்பாலை ஒன்றின்
மூன்றாம் தளத்தில் இருக்கிறது எங்கள் மருத்துவமனை.
சுவரெல்லாம் ஒட்டுப்பலகை.
ஜன்னலுக்கு வெளியே துணியில் அச்சடித்த வார்சா.
குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது.
வியாழன்தோறும் எட்டரைக்கு
யாருக்காவது உயிர் போகும்.

என் பெயர் ஜெனோன்.
திரையில் ஓடும் பட்டியலில்
'நோயாளி, படுக்கை நான்கு.'
பதினோரு வருடத்தில் முப்பத்தெட்டு முறை செத்திருக்கிறேன்:
மாரடைப்பில், டிராம் மோதி,
ஒருமுறை விஷக் காளான் தின்று.
அந்த வாரம் சந்தையில் காளான் விற்கவில்லையென்று
எதிர்வீட்டுக்காரி என்னோடு பேச்சை நிறுத்தினாள்.

பிணத்துக்கு மூச்சடக்கத் தெரிந்தால் போதும் என்பார்கள்.
அது சுலபம்.
காட்டிக்கொடுப்பது இமைதான்.
மூடிய இமைக்குள் விழி உருளாமலிருக்க
இருட்டில் ஒரு சொல்லை எழுதிவைத்து
அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.
என்ன சொல் என்று கேட்காதீர்கள்.

நெஞ்சை அமுக்க வரும் நடிகர்கள்
முழங்கையை மடக்கித்தான் அமுக்குவார்கள்.
நேராக வைத்தால் என் விலா முறியும்.
தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபது வருடம் நின்றுவிட்டு
எங்களுக்கு ஆலோசகராக வந்த வியெஸ்வாவா
அந்தக் காட்சிக்கு மட்டும்
தன் கசகசா ரொட்டியோடு வெளியே போய்விடுவார்.
"முழங்கை மடங்காத நாட்களில்
என் கை கேட்ட சத்தம்
இன்னும் போகவில்லை, ஜெனோன்."

ரேட்டிங் சரிந்தது.
எழுத்தாளர்கள் மொட்டைமாடியில் ஹெலிகாப்டர் இறக்கினார்கள்.
லிஃப்டில் ஒரு முத்தம்.
எனக்கு இரண்டு லிட்டர் கூடுதல் ரத்தம்,
பீட்ரூட் சாற்றில் சோளமாவு கலந்தது.
மேலும் சரிந்தது.

பிப்ரவரியில், பனி கரியாகிக் கிடந்த ஒரு காலை,
டிராமில் என் இடதுகை நிஜமாகவே கனத்தது.
நிஜ மருத்துவமனையில் பின்னணி இசை கிடையாது.
நடைவழியில் ஏழு மணி நேரம்.
போர்வை கொண்டுவந்த செவிலி குனிந்து பார்த்து,
"போன வியாழன்தானே செத்தீர்கள்?" என்றாள்.
சிரித்தேன். சிரித்த இடம் வலித்தது.

கார்கிவிலிருந்து வந்த இளம் மருத்துவர்
எங்கள் மொழியை, வழுக்கும் படிக்கட்டைப் போல
ஒவ்வொரு சொல்லாக மிதித்துப் பேசினார்.
ஸ்டெதஸ்கோப்பை என் நெஞ்சில் வைக்குமுன்
உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றினார்.

அன்றிரவு பக்கத்துப் படுக்கை அடங்கியது.
நேரம் குறிக்க வேண்டும்.
பேனாவைத் தேடினார்.
மேல் பையில் இல்லை. இடது பையில் இல்லை.
வலது பையில் ஒரு டிக்கெட், பாதி பிஸ்கட்.
குறுக்கெழுத்துக்கு வைத்திருந்த என் பேனாவை நீட்டினேன்.
எழுதினார்.
துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.
அதன்பிறகுதான் அழுதார் என்று நினைக்கிறேன்.
திரைச்சீலைக்கு அப்பால் நடந்தது, சொல்ல முடியாது.

ஏப்ரலில் திரும்பிப் போய் இதைச் சொன்னேன்.
"நாற்பத்திரண்டு நிமிடக் கதையில்
பேனா தேட நேரமேது?" என்றார் இயக்குநர் ராடெக்.
ரொட்டியை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார் வியெஸ்வாவா.
ஒன்றும் பேசவில்லை.

முப்பத்தொன்பதாவது மரணம்.
மானிட்டரில் கோடு நேரானது.
டாக்டராக நடிக்கும் மார்ட்சேலினா
கடிகாரத்தைப் பார்த்தாள், பைக்குள் கையை விட்டாள்.
வழக்கமாக இருக்கும் பேனா இல்லை.
கண் மூடிக் கிடந்த எனக்குக்
கோட்டுத் துணியின் சரசரப்பு மட்டும் கேட்டது,
ஒரு பை, இன்னொரு பை, மறுபடியும் முதல் பை.
வசனம் மறந்துபோன அவள் மூச்சு.
யாரும் கட் சொல்லவில்லை.
பத்தொன்பது விநாடி.
வாசல் பக்கமிருந்து
கசகசா வாசனை வந்தது.

தொடர் எட்டு வருடம் ஓடியபிறகு
முதல்முறையாக முத்தத்தைப் பற்றி இல்லாமல்
கடிதங்கள் வந்தன.
பியாவிஸ்தோக்கிலிருந்து ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் ஒருவர்
ஒரே வரி எழுதியிருந்தார்:
அந்தப் பெண்ணுக்குப் பேனா கிடைத்ததா?

இறப்பதற்கு நாளொன்றுக்கு நூற்றெண்பது ஸ்லோட்டி.
அன்றைக்கு மட்டும்
இமை அசைந்ததற்காக
முப்பது பிடித்துக்கொண்டார்கள்.